இரண்டாம் விதை

வந்திருந்தவர்கள்:

டாக்டர் மங்கையர்க்கரசி. இந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்தவர் இவரல்ல. கண்டுபிடித்தவர் வெளிநாட்டில் வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். நோயாளிகள் இவரிடம் மிஞ்சினார்கள்.

சேர்மக்கனி. இருபத்து நான்கு வயது. ஆறுமுகநேரிப் பக்கம் கல்யாணப் பந்தல் போடுகிறவன். சட்டையில்லாமல் நின்றான்.

பொன்மாரி. அவனுடைய அக்கா.

இசக்கிராஜா. பாளையங்கோட்டையில் ஜிம் நடத்துகிறவன். பொன்மாரிக்கு நிச்சயமான மாப்பிள்ளை.

யோவான். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார்.

கொம்பையா. கதவைத் திறக்கவும் மூடவும் சம்பளம் வாங்குகிறவர்.

மாசானமும் வந்திருக்க வேண்டும். செத்துப்போய்விட்டான்.

அறையில் மின்விசிறி இல்லை. ஏசி இல்லை. ஜன்னல்கள் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். சுவருக்குள் குழாய்களில் ஓடிய குளிர்ந்த நீர்தான் அறையைக் குளிர்வித்தது. உள்ளே வருகிறவர்கள் கையை வீசி நடக்கக் கூடாது. துண்டை உதறக் கூடாது. தும்மல் வந்தால் சுவரைப் பார்த்துத் தும்ம வேண்டும். இதையெல்லாம் கொம்பையா வாசலிலேயே சொல்லித்தான் ஆட்களை உள்ளே விட்டார். இந்த அறைக்கு அப்பால் இன்னோர் அறை இருந்தது. அங்கே ஆட்களை விடுவதே இல்லை. சேர்மக்கனி இருப்பது அங்கேதான்.

இன்றைக்கு அவனை வெளியே கொண்டுவந்து நடுவில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு கைகளையும் விலாவில் படாமல் அகற்றி வைத்திருந்தான். மார்பு தட்டையாக, நன்றாக இருந்தது. தழும்புகூடத் தேடினால்தான் தெரியும். அந்த மார்பு வேண்டும் என்றுதான் அவன் இங்கே வந்தான். பந்தல் வேலையில் மற்றவர்கள் சட்டையைக் கழற்றிப்போட்டுக் கம்பு ஏறும்போது, இவன் மட்டும் இரண்டு பனியன் போட்டு அதன்மேல் சட்டை போட்டு ஏறுவான். இப்போது அவனால் ஒரு கைக்குட்டையைக்கூட மார்பில் போட முடியாது. வலது கையில் ஒரு துணிச்சுருள் வைத்திருந்தான். கழுத்தில் வியர்வை துளிர்த்தால் அது கீழே இறங்குவதற்குள் ஒற்றி எடுக்க வேண்டும். யார் பேசினாலும் அவன் கவனம் பாதி கழுத்தில்தான் இருந்தது.

"தூங்குதியால?" என்றாள் பொன்மாரி.

"மல்லாக்கப் படுத்தா பரவாயில்லக்கா. தூக்கத்துல பொரண்டுட்டா போச்சு. அதனால கையக் கட்டிலோட கட்டிக்கிடச் சொல்லிட்டேன்."

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "எனக்குப் புரியுத மாதிரி ஒரு தடவ சொல்லுங்க டாக்டர். மாரு பெருசா இருக்குன்னு எடுக்க வந்தான். எடுத்தாச்சு. பெறவு ஏன் இப்பிடி?"

"சதையை எடுக்கும்போது காம்புக்குப் போற நரம்பு சிலருக்கு அறுந்துபோகும். அந்த இடம் மரத்துப்போயிடும். அது திரும்ப வளரட்டும்னு நெஞ்சுல ஒரு விதை வைக்கிறோம். நரம்பு அதைப் பிடிச்சு வளரும்."

"வளந்துச்சா?"

"இவர், இசக்கிராஜா, யோவான் சார், மாசானம், நாலு பேருக்கும் வளர்ந்துச்சு. தொட்டா நரம்பு துடிக்குது. அது மெஷின்ல தெரியும். ஆனா அந்தத் துடிப்பு மேல போய், 'என்னைத் தொட்டாங்க'ன்னு இவருக்குத் தெரியுதா? அதை மெஷின் சொல்லாது, இவர் வாய்தான் சொல்லணும். கண்ணைக் கட்டிட்டு நைலான் முடி ஒண்ணால தொடுவோம். தெரிஞ்சா விரலைத் தூக்கணும். உங்க தம்பி ஒரு தடவைகூடத் தூக்கல."

"தூக்கலன்னா?"

"நரம்பு துடிக்குது, ஆளுக்குத் தெரியலன்னா, அடைப்பு முதுகெலும்புகிட்ட இருக்குன்னு அர்த்தம். அங்க இன்னொரு விதை வைப்போம். இரண்டாம் விதை. வர்ற துடிப்பை அது பல மடங்கு பெருக்கி அனுப்பும், அடைப்பைத் தாண்டிப் போகட்டும்னு."

"அடைப்பே இல்லாதவனுக்கு அத வச்சா?"

டாக்டர் சேர்மக்கனியைக் கையால் காட்டினார். மெதுவாகத்தான் காட்டினார். அந்தக் கை கிளப்பிய காற்றுக்கே அவன் பல்லைக் கடித்தான்.

பொன்மாரி தம்பியைப் பார்த்தாள். "ஏம்ல வெரலத் தூக்கல?"

சேர்மக்கனி இசக்கிராஜாவைப் பார்த்தான். இசக்கிராஜா தரையைப் பார்த்தான்.

நைலான் முடிச் சோதனை நடந்த அன்று, அதற்குச் சரியான வெப்பநிலையில் ஒரே ஒரு ஹால்தான் இருந்தது. அதனால் நான்கு பேரையும் சட்டையில்லாமல் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். முதலில் யோவான். கண்ணைக் கட்டினார்கள். டாக்டர் தொட்ட போதெல்லாம் அவர் விரல் மேலே போனது. வகுப்பில் விடை தெரிந்த பையன் கை தூக்குவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து தூக்கினார். எல்லாம் சரி.

இசக்கிராஜா சீட்டி அடித்தான். "சாருக்கு நல்லா சொகமா இருக்கு போலயே. பெறவு என்னத்துக்கு ஆப்பரேசன்? நல்ல ரவிக்கையா ரெண்டு எடுத்துப் போட்டிருக்கலாம்லா."

மாசானம் விழுந்து விழுந்து சிரித்தான். சேர்மக்கனியும் சிரித்தான். அன்று மாலையே யோவான் 'டீச்சரக்கா' ஆகிவிட்டார். டீச்சரக்கா, சாப்பாடு வந்துட்டு. டீச்சரக்கா, மாராப்ப ஒழுங்காப் போடுங்க. வருஷக்கணக்காக இந்தப் பேச்சைக் கேட்டவர்கள்தான் நான்கு பேரும். முதல்முறையாக அதை இன்னொருவன்மேல் எறியும் வாய்ப்பு மூன்று பேருக்குக் கிடைத்தது. விடவில்லை.

யோவானுக்கு அடுத்து இசக்கிராஜா உட்கார்ந்தான். விரல் அசையவில்லை. "கல்லு டாக்டர். கருங்கல்லு" என்றான். அடுத்து மாசானம். அவனும் கல். கடைசியில் சேர்மக்கனி. நைலான் முடி பட்டதும் எறும்பு ஊர்வதுபோல அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நன்றாகவும் இருந்தது. பதிமூன்று வயதிலிருந்து அந்த இடத்தில் அவன் கிள்ளுகளை மட்டுமே வாங்கியிருந்தான். இப்படி ஒரு தொடுதல் அங்கே உண்டு என்றே தெரியாது. பக்கத்தில் இசக்கிராஜா தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று கட்டிய கண்ணுக்குள்ளிருந்தே அவனுக்குத் தெரிந்தது. விரலைத் தொடையில் அழுத்திக்கொண்டான். அதையெல்லாம் இப்போது இந்த அறையில் எல்லார் முன்னாலும் சொல்லி முடித்தான்.

"இப்பத்தான் உண்மையச் சொல்லிட்டான்லா டாக்டர்" என்றாள் பொன்மாரி. "அந்த நரம்ப வெட்டி விட்ருங்க. மரத்தே போகட்டும். எங்களுக்கு அவன் சட்டை போட்டா போதும்."

"வெட்டலாம். நிஜமாவே அன்னைக்கு உணர்ச்சி இருந்ததுன்னா, நெஞ்சுல வெட்டின அடுத்த நிமிஷம் எல்லாம் நின்னுடும். நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்."

"பெறவென்ன?"

"இல்லாம இருந்திருந்தா, இப்ப வலி நெஞ்சுல இருந்து வரல, முதுகு விதையே கிளப்புதுன்னு அர்த்தம். நெஞ்சுல வெட்டிட்டா அதுக்கு உள்ள வர்றதுக்கு ஒண்ணும் இருக்காது. ஒண்ணும் இல்லாததையும் அது பெருக்கும். முதுகெலும்போட ஒட்டி வளர்ந்துட்டதால அதை எடுக்கவும் முடியாது, நிறுத்தவும் இன்னைக்கு வழி கிடையாது."

"மாசானம்" என்றான் இசக்கிராஜா மெதுவாக.

"ஆமா. மாசானம்" என்றார் டாக்டர். "இதே இடத்துல நின்னுதான் அழுதார். 'எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது டாக்டர், வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன், வெட்டுங்க'ன்னார். நம்பி வெட்டினேன். அன்னைக்குச் சொன்னதுதான் உண்மை. வெட்டச் சொன்னப்போ சொன்னதுதான் பொய். வலியில இருக்கிறவர் எதைச் சொன்னா வலி நிக்கும்னு நினைக்கிறாரோ அதைச் சொல்வார். ஒரு வாரம் கத்தினார். குரல் போச்சு. அப்புறம் மொட்டை மாடிக்குப் போயிட்டார்."

சேர்மக்கனி கழுத்தை ஒற்றினான்.

"அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில விதி போட்டாங்க. சொன்னதை மாத்திச் சொன்னா மட்டும் போதாது. அன்னைக்கே இது பொய்னு தெரிஞ்ச ஒரு ஆள் வந்து சொல்லணும். கூட இருந்து சோதனை செஞ்சுக்கிட்டவங்கள்ல ஒருத்தர்."

"நான் சொல்லுதேன்" என்றான் இசக்கிராஜா. அவன் குரல் பெரியது. கொம்பையா உதட்டில் விரல் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்குத் தெரியும் டாக்டர். மறுநா ராத்திரி இவன் தூங்கும்போது சும்மா ஒரு வெளையாட்டுக்கு அங்க கிள்ளினேன். கல்லுன்னு சொன்னான்லா, பாப்பமேன்னு. எந்திரிச்சு உக்காந்து அலறிட்டான். மரத்துப்போன எடத்துல கிள்ளினா எவனாவது அலறுவானா?"

பொன்மாரி அவனைப் பார்த்தாள். அவள் வார்டுக்குச் சோறு கொண்டுவந்தபோதுதான் இருவருக்கும் பழக்கம். தம்பியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவன் என்று வீட்டில் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருந்தாள்.

"கிள்ளினீங்களா?"

"வெளையாட்டுக்குப் புள்ள."

"அவன் பொய் சொல்லுதான்னு தெரிஞ்சும் நீங்க டாக்டர்ட்டச் சொல்லல."

"எனக்கு நெசமாவே ஒண்ணும் தெரியல பொன்மாரி. ஊசி போட்டு ஒடம்ப ஏத்துனதுல வந்த மாரு எனக்கு. அறுத்ததும் அந்த எடம் செத்துப்போச்சு. உள்ளுக்குள்ள எவ்வளவு பயந்தேன்னு எனக்குத்தான் தெரியும். இவனும் கல்லுன்னு சொன்னதும் சரி, தொணைக்கு ஒருத்தன் இருக்கான்னு விட்டுட்டேன்."

இசக்கிராஜாவுக்கு இரண்டாம் விதை சரியாக வேலை செய்தது. அவனுக்கு எல்லாம் திரும்பிவிட்டது. விளம்பரப் படத்தில் வருவதுபோல டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு திரிகிறான். நான்கு பேரில் வாய் அதிகம் பேசியவன் அவன். கடைசிவரை உண்மையே சொன்னவனும் அவன்தான்.

"உங்க சாட்சி செல்லாது" என்றார் டாக்டர். "நீங்க சொந்தக்காரர். அக்காவைக் கட்டப்போறவர்."

"இன்னும் கட்டலயே."

"நிச்சயம் ஆயிடுச்சு. அது போதும்."

இசக்கிராஜா கொஞ்சம் யோசித்தான். பிறகு பொன்மாரியைப் பார்க்காமல் சொன்னான். "அப்ப நிச்சயத்த முறிச்சிருவோம். இப்பவே. நான் யாரோ, இவங்க யாரோ. இப்ப என் சாட்சிய எடுத்துக்கிடுவீங்களா?"

"முறிச்சிருங்க" என்றாள் பொன்மாரி உடனே. யோசிக்கக்கூட இல்லை. "அவன் வெளிய வந்தா போதும்."

டாக்டர் தலையை ஆட்டினார். "சாட்சி சொல்றதுக்காக முறிச்சா அது இன்னும் மோசம். மேல இருக்கிறவங்க சிரிப்பாங்க."

அதற்குள் முறிந்துவிட்டது. பொன்மாரி அவன் பக்கத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள். இசக்கிராஜாவுக்கு அது தெரிந்தது. தான் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் நின்றான்.

மிச்சம் இருந்தது யோவான்.

அவரைக் கூட்டிவர பொன்மாரி மூன்று நாள் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தாள். மூன்றாம் நாள் பையன்கள் என்னவோ பேச ஆரம்பித்ததால்தான் அவர் வரச் சம்மதித்தார். வந்ததிலிருந்து கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"சார்" என்றான் சேர்மக்கனி. "பைப்படியில வச்சு ஒங்ககிட்டச் சொன்னேன்லா."

"என்ன சொன்ன?"

"எனக்கும் தெரியுதுன்னு."

"அப்படியா?" யோவான் கழுத்துப் பொத்தானைத் தடவினார். "மறுநாள் ஹால்ல எல்லார் முன்னாடியும் நான் என்ன சொன்னேன்? 'எனக்கு மட்டும் இல்ல, இந்தத் தம்பிக்கும் தெரியுது, கேட்டுப்பாருங்க'ன்னு சொன்னேன். நீ என்ன சொன்ன?"

சேர்மக்கனி அக்காவைப் பார்த்தான்.

"சொல்லேன். அக்கா கேக்கட்டும்."

"டீச்சரக்கா கனாக் கண்டிருக்காவன்னு சொன்னேன்."

"அதுக்கு எல்லாரும் என்ன செஞ்சாங்க?"

"சிரிச்சாங்க."

"அப்புறம் எதுக்கு நான்? கனாக் கண்டவனைக் கூப்பிட்டு வச்சு சாட்சி கேப்பாங்களா?" யோவான் கதவை நோக்கித் திரும்பினார். "டாக்டர், நான் வந்ததே தப்பு. எனக்குப் பேப்பர் திருத்துற வேலை கெடக்கு. நான் கெளம்புறேன்."

பொன்மாரி கையெடுத்துக் கும்பிட்டாள். "அவன் சின்னப் பையன் சார். பயந்து சொல்லிட்டான். ஒங்க வகுப்புல இருக்க பையன்னு நெனச்சுக்கோங்க."

"என் வகுப்புல இருக்கிற பையன்களும் இதைத்தாம்மா சொல்றாங்க. சிகிச்சைக்கு முன்னாடியும் சொன்னாங்க, பின்னாடியும் சொல்றாங்க. இங்க வந்தாவது சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"பேரு வச்சது நான் சார்" என்றான் இசக்கிராஜா. "அவன் இல்ல. என்னய என்ன வேணா செய்யுங்க."

"உன்னை நான் என்ன செய்ய?"

"செருப்பால அடிங்க. மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லுங்க சார்."

சொல்லிவிட்டு அவன் யோவானின் காலில் விழுந்தான். நெடுஞ்சாண்கிடையாக. தொண்ணூறு கிலோ உடம்பு. யாரும் தடுப்பதற்குள் விழுந்துவிட்டான்.

அந்த உடம்பு தள்ளிய காற்று தரையோடு போய்ச் சுவரில் மோதி எழுந்தது. சேர்மக்கனி கத்தினான். மனிதன் வாயிலிருந்து வருகிற சத்தமாக அது இல்லை. பின்னால் சாய்ந்து, எதையும் பிடிக்க முடியாமல், கைகளை விரித்தபடியே தள்ளாடினான். பொன்மாரி தாங்கப் பாய்ந்தாள். "கிட்ட போகாதம்மா!" என்றார் கொம்பையா. அவள் பாதியில் நின்றாள். அவள் நின்ற வேகத்துக்கு அவன் மறுபடி கத்தினான்.

"மெதுவா விழக் கூடாதாய்யா?" என்றார் கொம்பையா இசக்கிராஜாவிடம்.

காற்று அடங்க நேரமாயிற்று. இசக்கிராஜா எழுந்திருக்கப் பயந்து தரையிலேயே கிடந்தான். யோவான் தன் காலடியில் கிடந்தவனைப் பார்க்கவில்லை. சேர்மக்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சொன்னான்" என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன சார்?"

"எங்கிட்டச் சொன்னான். சோதனை நடந்த அன்னைக்கு சாயங்காலம், பைப்படியில பல்லு வெளக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னான். 'எறும்பு ஊருத மாதிரி எனக்கும் தெரியுது சார், யார்ட்டயும் சொல்லிராதீங்க'ன்னான். அந்த முகத்தைப் பாத்தா பொய் சொல்ற முகமா தெரியல. சந்தோஷமா இருந்தான். இது உண்மை டாக்டர். எங்க வேணா வந்து சொல்றேன்."

பொன்மாரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சேர்மக்கனியும் அழுதான். அழும்போதே துணிச்சுருளை எடுத்துத் தாடையில் வைத்துக்கொண்டான், கண்ணீர் கீழே சொட்டாமலிருக்க. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"நாளைக்குக் காலையிலயே வெட்டிடலாம் தம்பி. சார், இப்படி வந்து உட்காருங்க. சட்டையைக் கழட்டணும்."

"எதுக்கு?"

"சாட்சி சொல்றவரோட அன்றைய பதில் சரிதானான்னு இன்னொரு தடவை பார்க்கணும். அதுவும் விதிதான். உங்களுக்கென்ன, நீங்க எல்லாத்துக்கும் சரியாச் சொன்னவர். ரெண்டு நிமிஷம்."

"சாட்சி சொல்றது வாய்தானே? நெஞ்சுக்கு என்ன?"

"சும்மா ஒரு முறைக்குத்தான் சார்."

யோவான் நின்றார். அவர் கை பொத்தானுக்குப் போனது, திரும்பியது. "அன்னைக்கே பாத்தாச்சே டாக்டர். ஒரு பரீட்சையை எத்தனை தடவை வைப்பீங்க?"

"சார், வெக்கப்படாதீங்க" என்றான் தரையிலிருந்து மெல்ல எழுந்த இசக்கிராஜா. "இனிமே எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். சொன்னா நான் இருக்கேன்."

அவர் சட்டையைக் கழற்றினார். ஒவ்வொரு பொத்தானாக. மடித்து நாற்காலியில் வைத்தார். உட்கார்ந்தார். டாக்டர் அவர் கண்ணைத் துணியால் கட்டி, கைப்பிடியில் பொருத்திய நைலான் முடியை எடுத்தார். அறையில் சத்தமே இல்லை. சுவருக்குள் ஓடும் நீர்கூடக் கேட்கவில்லை.

டாக்டர் தொட்டார். முடி வளைந்தது. எல்லோரும் விரலைப் பார்த்தார்கள்.

விரல் தொடைமேல் கிடந்தது.

டாக்டர் முடியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். தொடவில்லை. யோவான் தலையை லேசாகச் சாய்த்தார், எதையோ காதால் தேடுகிறவர்போல. விரலைத் தூக்கினார்.

பொன்மாரிக்கு முதலில் புரியவில்லை. இசக்கிராஜாவுக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் மறுபடி தொட்டார். அழுத்தித் தொட்டார். முடி வில்லாக வளைந்தது. விரல் அசையவில்லை. டாக்டர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். விரல் எழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை எழுந்தது. யோவானின் நெற்றியெல்லாம் வியர்வை. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, யாரும் தொடாத மார்புக்காக, பதில் தெரிந்த பையனைப்போல விரலை உயர்த்திக்கொண்டே இருந்தார்.

"போதும் சார்" என்றார் டாக்டர்.

யோவான் கண்கட்டைத் தானே அவிழ்த்தார். யாரையும் பார்க்கவில்லை.

"அன்னைக்கு எப்படி?" என்று கேட்டார் டாக்டர்.

"அந்த ஹால்ல நீங்க உக்காந்த ஸ்டூல் சத்தம் போடும். நீங்க முன்னால குனியும்போதெல்லாம்." கண்கட்டுத் துணியை மடித்தார். "இங்க நின்னுக்கிட்டே தொடுறீங்க."

"ஏன் அப்படிச் செஞ்சீங்க? தெரியலன்னு சொல்லியிருந்தா உங்களுக்கும் இரண்டாம் விதை வச்சிருப்பேனே."

"கேள்வி கேட்டாங்க. சரியான விடை எதுன்னு தெரிஞ்சுது. எழுதிட்டேன். முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான் எழுதுறேன். தப்பு விடை எழுதி எனக்குப் பழக்கமில்ல."

"டீச்சர..." என்று ஆரம்பித்து இசக்கிராஜா நிறுத்திக்கொண்டான். இந்த மனிதர் இல்லாத ஒன்றுக்காக அத்தனை பேச்சு வாங்கியிருக்கிறார். வாங்கிக்கொண்டு, விடையை மாற்றாமல் இருந்திருக்கிறார்.

பொன்மாரி டாக்டரிடம் போனாள். மெதுவாக நடக்க வேண்டும் என்பதை மறக்கவில்லை. "அவரு நெஞ்சு மரத்துப்போனா போகட்டும் டாக்டர். காது கேட்டுச்சுல்லா? அவன் சொன்னது இவரு காதுலதான விழுந்துச்சு? அதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்ல."

"பெறவு?"

"இந்த ஆஸ்பத்திரியில இருந்த அத்தனை நாளும் இவர் பொய் சொல்லியிருக்கார். பொய் சொன்னவர் வார்த்தையை வச்சு இன்னொரு நரம்பை வெட்ட மாட்டேன்."

"அவரு சொன்னது நெசம்னு ஒங்களுக்கே தெரியுது. மொகத்தப் பாத்தாலே தெரியுது."

"மாசானம் முகத்தையும் பார்த்தேன்மா." டாக்டரின் குரல் நடுங்கியது. அதை அவர் இருமலாக மாற்றிச் சுவரைப் பார்த்து இருமினார். "என்னால முடியாது. முதுகு விதை தானா அடங்கலாம். அடங்கும்னுதான் சொல்றாங்க. அதுவரைக்கும் உள்ள இருக்கட்டும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"தெரியாது."

சேர்மக்கனி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் அழுகை நின்றுவிட்டது. அழுதால் துடைக்க வேண்டும். துடைக்கக் கையைத் தூக்கினால் காற்று வரும்.

"சார்" என்றான். "அன்னைக்குப் பைப்படியில நான் சொன்னதும், 'பயப்படாத, எனக்கும் அப்படித்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு'ன்னீங்களே."

"பொய்" என்றார் யோவான்.

"நான் சொன்னது நெசம் சார்."

"தெரியும்."

யோவான் சட்டையை எடுத்துப் போட்டார். உதறாமல் போட்டார்; அந்த மரியாதை அவருக்கு இருந்தது. பொத்தான்களைக் கீழிருந்து மேலே போட்டுக்கொண்டு வந்தார். கழுத்துப் பொத்தானில் கை நின்றது. டாக்டரைப் பார்த்து, மிகத் தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டார்.

"எனக்கு அந்த இரண்டாம் விதை... இப்பவும் வைக்கலாமா?"

டாக்டர் அவரை வெகுநேரம் பார்த்தார். "வைக்கலாம். உங்களுக்கு நிஜமாவே அடைப்பு இருக்கு. அநேகமாச் சரியாயிடும்."

"எப்ப வரட்டும்?"

கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். கையை வீசாமல், சின்னச் சின்ன அடியாக வைத்து வெளியே போனார். இசக்கிராஜா அவருக்குப் பின்னால் போய், வாசலில் நின்று பொன்மாரியைத் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. அவனும் போனான்.

சேர்மக்கனி யாரும் சொல்லாமலே உள்ளறைப் பக்கம் திரும்பினான். பொன்மாரி ஓர் அடி வைத்தாள்.

"வராதக்கா" என்றான் அவன் திரும்பாமல். "நீ நடந்தா காத்து வருது."

அவள் நின்றாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். அவன் கைகளை அகற்றியபடியே, கதவின் இரு பக்கமும் உரசாமல், பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்தான். அங்கே கட்டிலும், கையைக் கட்ட இரண்டு துணிப்பட்டையும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

அந்தக் கதவை மூடப் பொறுமை வேண்டும். வேகமாகத் தள்ளினால் உள்ளே காற்று குதிக்கும். கொம்பையா இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, தூங்குகிற பிள்ளையிருக்கும் அறையை மூடுகிறவர்போல, விரற்கடை விரற்கடையாக நகர்த்தி மூடினார். மூடியதும் காதை வைத்துக் கேட்டார். கத்தல் இல்லை. சாவியைப் போட்டுப் பூட்டினார்.